விட்டுப்போன வணக்கம்

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையின் மூன்றாம் மாடியில், பட்டுப் பிரிவில், என் பாதி ஆயுசு போயிருக்கிறது. மாமியாரும் மருமகளும் ஒரே புடவைக்கு மல்லுக்கட்டினால், இரண்டு பேருக்கும் நோகாமல் மூன்றாவதாக ஒரு புடவையைத் தள்ளிவிடத் தெரியும். நிறம் அடிக்கிறது என்று முகம் சுளிப்பவரை, "வெளிச்சத்துல பாருங்கம்மா" என்று ஜன்னலோரம் கூட்டிப்போகத் தெரியும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நான் பிழைத்ததே அப்படித்தான். அதனால் மைக்கைக் கண்டால் எனக்கு நாக்கு எழாது என்று சொன்னபோது கடையில் ஒருவரும் நம்பவில்லை. பிகு பண்ணிக்கொள்கிறேன் என்றார்கள்.

என்னை மாடிக்கு இன்சார்ஜ் ஆக்கிய வருஷம் அந்த வினை வந்தது. எங்கள் முதலாளிகள் அண்ணன் தம்பி இரண்டு பேர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டவர்கள். தலை நரைத்தும் ஊர்ப் பேச்சு மாறாதவர்கள். ஆயுத பூஜையன்று மொட்டை மாடியில் பந்தல் போட்டு, பூஜை முடிந்ததும் குடும்பத்தோடு மேடையில் உட்காருவார்கள். ஊழியர் சார்பில் இன்சார்ஜ்களில் ஒருவர் நன்றியுரை சொல்ல வேண்டும். அந்த வருஷம் என் முறை.

நம் ஊரில் பேச்சைவிட வணக்கம் பெரிது. பேச்சில் சரக்கே இல்லாவிட்டாலும் பரவாயில்லை, 'அவர்களே, அவர்களே' என்று அடுக்கும்போது ஒரு ஆள் விட்டுப்போனால் தொலைந்தது. மூத்தவர் முதலில், இளையவர் அடுத்து, பிறகு அவரவர் மனைவிமார், பிள்ளைகள், மாப்பிள்ளைகள். நான் வாரக்கணக்கில் மனப்பாடம் செய்தேன். பஸ்ஸில் முணுமுணுத்தேன், அரிசி களையும்போது முணுமுணுத்தேன். மேடை ஏறியதும் கண் இருட்டியது. பெரிய முதலாளி அவர்களே என்றேன், அவர் மனைவி அவர்களே என்றேன், மாப்பிள்ளை அவர்களே என்றேன். பிறகு நன்றி வணக்கம் சொல்லி இறங்கிவிட்டேன். சின்ன முதலாளி என்று ஒருவர் பெரியவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியவே இல்லை. அவர் பொரிப் பொட்டலம்கூட வாங்காமல் லிஃப்டில் இறங்கிப் போய்விட்டார்.

வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். வீட்டில் சம்பாதிக்கிற ஆள் நான் ஒருத்திதான். என் கணவருக்கு முதுகெலும்பில் அடிபட்டு, கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டு வீட்டின் ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவே நடமாட்டம் நின்றுபோயிருந்தது. ஆனால் பெரிய முதலாளி என்னை அனுப்பவில்லை. "பேசப் படிச்சிட்டு வரச் சொல்லு. அடுத்த பூசைக்கும் அவதான் பேசணும்" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டார். சின்னவர் முன்னால் நான் மறுபடி நின்று, அவருக்கு முறையாக வணக்கம் வைக்க வேண்டுமாம். மன்னிப்பைவிட மோசமான தண்டனை அது.

இப்படித்தான், எனக்கு வாரம் ஒருமுறை கிடைக்கிற செவ்வாய்க்கிழமை லீவும் பறிபோனது. ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு வீட்டு மாடியில் நடந்த மேடைப்பேச்சு வகுப்பில் கடையே என்னைச் சேர்த்துவிட்டது.

சொல்லிக்கொடுத்தவள் என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவள். மயிலாப்பூர்க்காரி. ஒல்லியாக, வேகமாகப் பேசுகிற பெண். கரும்பலகையில் எழுதிப் போடுவாள், நாம் காப்பி பண்ணிக்கொள்ளலாம் என்று நினைத்துப் போனேன். அங்கே பலகையே இல்லை. நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். ஒருவர் நடுவில் நிற்க வேண்டும், மற்றவர்கள் உட்கார்ந்து அவரைப் பார்க்க வேண்டும். காகிதம் கூடாது. கையில் பேனாகூடக் கூடாது. வாசலை நோக்கித் திரும்பி நின்றாலும் முதுகுப்பக்கம் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். தப்பிக்க ஒரு மூலை கிடையாது. கிணற்றில் இறக்கிவிட்டது போல இருந்தது.

"வீட்டிலேயே கண்ணாடி முன்னால பேசிப் பழகிக்கிறேனேம்மா" என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"ஆத்துல கண்ணாடி முன்னாடி பேசிண்டே இருந்தேள்னா கண்ணாடிக்குத்தான் பழகும். மனுஷாளுக்கு எப்ப பழகறது? நில்லுங்கோ, ஒண்ணும் ஆகாது" என்றாள்.

எனக்கு முதல் வாரம் பேசக்கூட வேண்டாம் என்றாள். சும்மா நில்லுங்கள், போதும் என்றாள். நிற்பதா? நான் நிற்காத நிற்பா? காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் ராத்திரிதான் உட்காருவேன். அந்தத் திமிரில் போய் நடுவில் நின்றேன். ஆனால் அந்த நிற்பு வேறாக இருந்தது. கடையில் என்னை யார் பார்க்கிறார்கள்? புடவையைப் பார்க்கிறார்கள். ஜரிகைக்குப் பின்னால், முந்தானைக்குப் பின்னால் நான் பாட்டுக்கு ஒளிந்துகொண்டு பேசிக்கொண்டிருக்கலாம். இங்கே கையில் துணி இல்லை. என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவமானமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. கை என்னை அறியாமல் என் சேலைத் தலைப்பையே முழம் போட்டுக்கொண்டிருந்ததை, உட்கார்ந்த பிறகு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

சொன்னவர் ஒரு ஆட்டோக்காரர். மந்தைவெளி ஸ்டாண்டில் ஓட்டுகிறவர், சங்கத்தில் செயலாளருக்கு நிற்க ஆசைப்பட்டு வந்திருந்தார். அவருடைய முறை வந்தபோது பார்த்தால், பேசப் பேச அவர் வலது கை காற்றில் ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்துவிட்டார். "இன்னாக்கா பண்றது, வண்டிய உட்டு எறங்குனா எனுக்கு வாயே ஓட மாட்டேங்குது" என்றார்.

அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் எனக்கு அந்த அறையில் மூச்சு வந்தது. ஊரில் என் ஒருத்திக்குத்தான் இந்த வியாதி என்று நினைத்திருந்தேன். அங்கே ஒரு வக்கீல் பெண்கூட இருந்தாள். கறுப்புக் கோட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு நேராக கோர்ட்டிலிருந்து வருவாள். நீதிபதி நிமிர்ந்து பார்த்தால் அவளுக்குப் படித்த சட்டமெல்லாம் மறந்துபோகுமாம். வக்கீலுக்கே இந்த கதி என்றால், புடவை விற்கிறவளுக்கு வந்தால் என்ன என்று நான் என்னையே மன்னித்துக்கொண்டேன்.

வட்டத்தில் உட்கார்ந்து பார்க்கிறபோது இன்னொன்றும் புரிந்தது. அந்த வக்கீல் பெண் பேசி முடித்து உட்கார்ந்து, "என் முட்டி அடிச்சுக்கிட்டது எல்லாருக்கும் கேட்டிருக்கும்" என்றாள். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் புடவை அசையக்கூட இல்லை. அப்படியென்றால் என் நடுக்கமும் எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கிறது! தனியாக உட்கார்ந்து நூறு வருஷம் மனப்பாடம் செய்தாலும் இது தெரிந்திருக்காது. பார்க்கிறவர்களோடு ஒருத்தியாக உட்கார்ந்தால்தான் தெரியும்.

அந்த வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. பேசி முடித்தால் கை தட்டக்கூடாது. நன்றாக இருந்தது, இல்லை என்று மார்க்கும் போடக்கூடாது. 'எனக்கு இது கேட்டது' என்று ஆளுக்கொரு வாக்கியம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கேட்பதற்கு ஒன்றுமில்லாதது போல இருக்கும். ஆனால் நாம் சொன்னதாக நினைத்ததும் அவர்களுக்குக் கேட்டதும் வேறு வேறாக இருக்கும்போதுதான் உறைக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை நன்றியுரையை ஆரம்பித்தேன். வகுப்பில் இருந்தவர்களையே முதலாளி குடும்பமாக வைத்துக்கொண்டு 'அவர்களே' போட்டேன். வரிசை ஒழுங்காகத்தான் வந்தது. அடுத்து விஷயத்துக்கு வர வேண்டும். விஷயம் வரவில்லை. நின்றுவிட்டால் மானம் போய்விடுமே என்று வணக்கத்தை நீட்டினேன். மேலே ஓடும் மின்விசிறி அவர்களே என்றேன். டியூப்லைட் அவர்களே என்றேன். தண்ணீர்ப் பானையையும் விடவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை, இறங்கத் தெரியாமல் ராட்டினத்தில் சுற்றுகிற மாதிரி அதிலேயே சுற்றிக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் ஆட்டோக்காரர் தன் வாக்கியத்தைச் சொன்னார். "எனுக்கு இன்னா கேட்டுச்சுன்னா, அக்கா அல்லாருக்கும் வணக்கம் வெச்சாங்கோ. ஃபேனுக்கு வெச்சாங்கோ, பானைக்கு வெச்சாங்கோ. எதிர்க்கவே குந்திகினு கீறேன், எனுக்கு வெக்கல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அது முள்ளாகக் குத்தியது.

அப்போது ஆடித் தள்ளுபடி நடந்துகொண்டிருந்தது. கடையில் மூச்சுவிட இடமில்லை. எங்கள் மாடியில் ஒரு பெண், ஐந்து மாத வயிற்றோடு கவுண்டரில் நிற்கிறாள். அவளுடைய குடும்பம் முன்பு ஆற்றோரம் இருந்தது. இப்போது ஊருக்கு வெளியே ஒதுக்கிக் கொடுத்த குடியிருப்பில் இருக்கிறார்கள். இரண்டு பஸ் மாறி, அதிலும் நின்றுகொண்டே வருவாள். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்ததும் எங்கள் கடையிலும் கவுண்டருக்கு ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டார்கள். இல்லை என்று சொல்ல முடியாது. உட்காரக்கூடாது என்றும் யாரும் வாய்திறந்து சொன்னதில்லை. யாராவது உட்கார்ந்தால் கேமரா அறையிலிருந்து என் இன்டர்காம் அடிக்கும். "மூணாவது மாடி, ரெண்டாவது கவுண்டர். ஒரு ஆள் உக்காந்திருக்கு." அவ்வளவுதான் சொல்வார்கள். பிறகு நான் போக வேண்டும். போய், எழுந்திரு என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் என்னை இன்சார்ஜ் ஆக்கியிருந்தார்கள். ஸ்டூல்களின் மேல் ரவிக்கைத் துண்டுகளையும் சாப்பாட்டுப் பைகளையும் வைத்துக்கொண்டோம்.

ஒரு நாள் அந்தப் பெண் பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். இன்டர்காம் அடித்தது. நான் போனேன். என் கெண்டைக்காலிலேயே நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருக்கிறது; அவளுடைய பாதம் செருப்புக்குள் அடங்காமல் வீங்கியிருந்தது. "எழுந்திரும்மா, பாக்கறாங்க" என்றேன். கவுண்டரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அக்கா, வருசத்துக்கு ஒருவாட்டி உங்க கைல மைக்கு குடுக்குறாங்க. அன்னிக்காவது இத சொல்லுங்கக்கா. எங்க கைல யாரு குடுப்பா?" என்றாள்.

சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கட்டிலில் படுத்திருக்கிறவருடைய மாத்திரையிலிருந்து கரண்ட் பில் வரை என் நிற்பில்தான் ஓடுகிறது. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. மறுநாளும் இன்டர்காம் அடிக்கும், நான் போய் அவளை எழுப்ப வேண்டும். இரண்டு பக்கமும் அடைத்த சந்தில் மாட்டிக்கொண்டது போல இருந்தது.

அடுத்த செவ்வாய் வட்டத்துக்கு நடுவில் நின்று, நன்றியுரையை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. முதல்முறையாகக் கை தலைப்பைத் தேடவில்லை என்று மட்டும் தெரியும். முடிந்ததும் வக்கீல் பெண் சொன்னாள்: "எனக்கு இது கேட்டது. 'அவ உட்கார்ந்துட்டா'ன்னு சொன்ன இடத்துல உங்க குரல் நடுங்கல. 'எழுந்திரு'ன்னு சொன்ன இடத்துலதான் நடுங்குச்சு."

நான் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். வாரமெல்லாம் கால் கடுத்தவள் என்பதால் அந்த நாற்காலியில் சாய்ந்தால் எனக்குத் தூக்கம் வந்துவிடும், அன்றும் வந்தது. கண் விழித்தபோது வகுப்பு முடிந்திருந்தது. ஒருவரும் எழுப்பவில்லை. ஆட்டோக்காரர் மட்டும் வாசலில் காத்திருந்து என்னைக் கோட்டூர்புரத்தில் இறக்கிவிட்டுப் போனார்.

ஆயுத பூஜை வந்தது. பந்தல், மேடை, பொரிப் பொட்டலம் எல்லாம் போன வருஷம் போலவே. சின்ன முதலாளி மேடையில் பெரியவருக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் மைக்கைப் பிடித்தேன். பெரிய முதலாளி அவர்களே, சின்ன முதலாளி அவர்களே, மனைவிமார் அவர்களே, பிள்ளைகள் அவர்களே, மாப்பிள்ளை அவர்களே. ஒரு ஆள் விடவில்லை. சின்னவர் கட்டிய கையை அவிழ்த்தார். அதோடு இறங்கியிருக்கலாம். இறங்கு இறங்கு என்று உடம்பெல்லாம் அடித்துக்கொண்டது.

ஆட்டோக்காரருடைய வாக்கியம் நினைவுக்கு வந்தது. எதிரே உட்கார்ந்திருப்பவனுக்கு வணக்கம் வைக்கவில்லை. இங்கே எதிரே ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை; கடை ஆட்கள் எல்லோரும் பந்தலுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார்கள். நான் நிறுத்தவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதானே.

"முதல் மாடி சுடிதார் பிரிவில் காலையிலிருந்து நிற்கிற என் தங்கைகளே. இரண்டாம் மாடியில் நின்றுகொண்டே டீ குடிக்கிற தம்பிகளே. மூன்றாம் மாடியில் வீங்கின காலோடு பட்டு விரிக்கிற, வயிற்றுப் பிள்ளைக்காரியே. கவுண்டருக்குக் கீழே, இதுவரை யாரும் உட்காராத ஸ்டூல்களே. உங்கள் எல்லோருக்கும் வணக்கம். உங்களை விட்டுவிட்டதற்கு என்னை மன்னிக்க வேண்டும். அந்த ஸ்டூல்களில் உட்கார எங்களுக்கு முதலாளிகள் அனுமதி தர வேண்டும். நன்றி."

ஸ்டூல் என்றபோது யாரோ சிரித்தார்கள். பிறகு ஒரு சத்தமும் இல்லை. முன்பெல்லாம் அந்த மாதிரி அமைதியில் நான் செத்திருப்பேன். வட்டத்துக்கு நடுவில் எத்தனையோ செவ்வாய்க்கிழமை அதைத் தாங்கிப் பழகியிருந்ததால் நின்றேன். பெரிய முதலாளி மைக்கை வாங்கினார்.

"என்னம்மா, ஸ்டூலுக்கெல்லாம் வணக்கம் சொல்லுத? நல்லாத்தான் பேசுத. உன்னப் போயி மூணாம் மாடியில ஒளிச்சு வச்சிருக்கோமே. நாளையிலேர்ந்து வாசல்ல நின்னு மைக்குல ஆளக் கூப்பிடு. தீவாளி வருதுல்லா" என்றார். ஸ்டூலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எல்லோரும் பொரி வாங்கிக்கொண்டு கலைந்தார்கள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது. தண்டனையா பதவி உயர்வா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வெயிலில், ஜன நெரிசலில், வாசலில் நின்று நாள் முழுக்க மைக்கில் பேச வேண்டும். 'வாங்கம்மா வாங்க, வாங்கக்கா வாங்க.' பேச்சுக்குப் பயந்தவளைப் பேச்சிலேயே கட்டிப்போட்டார்கள். மாடியிலாவது தூணில் சாய்ந்துகொள்ள முடியும்.

மூன்று நான்கு நாள் சொல்லிக்கொடுத்ததையே சொன்னேன். பிறகு என் வாயே எனக்கு அலுத்தது. யாருக்குக் கேட்கிறது என்று யோசித்தேன். தெருவுக்கே கேட்கிறது. அன்றிலிருந்து ஒரு வரி சேர்த்துக்கொண்டேன். "மூன்றாம் மாடியில் உட்கார்ந்து நிதானமாகப் பட்டு பாருங்கம்மா. எங்கள் பெண்களும் உட்கார்ந்து நிதானமாகக் காட்டுவார்கள்."

சின்ன முதலாளி இறங்கி வந்தார். "யாரு இப்படிச் சொல்லச் சொன்னது?"

"விளம்பரந்தான் முதலாளி" என்றேன். குரல் நடுங்கவில்லை. அவர், படியேறிக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மேலே போன பெண்மணிகள், "உக்காருமா, கீழ சொன்னாங்களே" என்று எங்கள் பெண்களிடம் சொல்ல ஆரம்பித்தார்கள். வாடிக்கையாளர் சொல்லும்போது கேமரா அறை என்ன செய்யும்? அவர்கள் இருக்கும்வரை உட்காரலாம் என்றாயிற்று. அவர்கள் பில் போடப் போனதும் மறுபடி எழுந்துகொள்ள வேண்டும். பாதி வெற்றி என்று ஆட்டோக்காரர் சொன்னார். எனக்குப் பாதி என்றுகூடத் தோன்றவில்லை. நான் வாசலில் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் அந்த வயிற்றுப் பிள்ளைக்காரி லீவில் போகிற நாள். லிஃப்டிலிருந்து ஒரு கையில் பையும் மறு கையில் ஸ்டூலுமாக வெளியே வந்தாள். செக்யூரிட்டி தடுத்ததற்கு, "கடைப் பொருள் கடைக்குள்ளதாண்ணா இருக்கப் போவுது" என்றாள். ஸ்டூலை எனக்குப் பின்னால் வைத்தாள்.

"எனக்கு இனிமே கொஞ்ச மாசத்துக்கு வேணாம்க்கா. நீங்க உக்காருங்க" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தில் இறங்கிப் போய்விட்டாள்.

உட்காரத் தைரியம் வரவில்லை. கொஞ்ச நேரம் நின்றுகொண்டே பேசினேன். பிறகு கால் தானாக மடிந்தது. உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்திலிருந்து தெரு வேறு மாதிரி தெரிந்தது. எல்லோர் முகமும் எனக்கு மேலே இருந்தது, ஆனாலும் எனக்குப் பயமாக இல்லை.

செக்யூரிட்டி மேஜையில் இன்டர்காம் அடித்தது. எடுத்து என்னிடம் நீட்டினார். அதே குரல். "மெயின் வாசல். ஒரு ஆள் உக்காந்திருக்கு."

"ஆமாங்க. நான்தான் உக்காந்திருக்கேன்" என்றேன்.

மறு கையில் மைக்கை அணைக்காமலே வைத்திருந்திருக்கிறேன். தெரு முழுக்க அது கேட்டது.